கேத்தோடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: லித்தியம் அயன் பேட்டரியின் கொள்திறனைக் கூட்டுவது எப்படி?

நான் கேத்தோடு பொருள்களைச் செய்து, சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இது தெரிந்ததும் எம்.எஸ்சி. மாணவர்களும் மின்சார ஸ்கூட்டர் வாங்கிய உறவினர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை. ஆய்வகத்தில் கை வைக்கப் போகிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போய், தூள் தயாரிப்பிலிருந்து படிக்கலாம்.

கேத்தோடு என்றால் எதிர்மின்வாய் என்றுதானே பள்ளியில் படித்தோம்? பேட்டரியில் மட்டும் அது எப்படிப் பிளஸ் முனை ஆகிறது?

இந்தக் குழப்பம் தமிழ்வழியில் படித்த எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. பாடப்புத்தகத்தில் வருவது மின்னாற்பகுப்பு. அங்கே வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறோம், கேத்தோடு மைனஸ் பக்கம் இணைந்திருக்கும், அதனால் எதிர்மின்வாய் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கேத்தோடின் இலக்கணம் பிளஸ், மைனஸைப் பொறுத்ததல்ல. எலக்ட்ரானை எந்த முனை வாங்கிக்கொள்கிறதோ, எங்கே ஒடுக்கம் நடக்கிறதோ அதுதான் கேத்தோடு. பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது எலக்ட்ரானை வாங்குவது பிளஸ் முனை. சார்ஜ் ஏற்றும்போது வினை தலைகீழாகிவிடும். ஆனாலும் பேட்டரிக்காரர்கள் டிஸ்சார்ஜ் நேரத்துப் பெயரையே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். இந்தச் சிக்கல் வேண்டாம் என்பதால் இங்கே எல்லா இடத்திலும் பேட்டரியின் பிளஸ் முனையைக் கேத்தோடு, மைனஸ் முனையை அனோடு என்றே எழுதுகிறேன்.

கொள்திறன் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதைக் காகிதத்திலேயே கணக்குப் போட முடியுமா?

முடியும், ஒரு வகுத்தல்தான். ஃபோன் டப்பாவில் 5000 எம்ஏஎச் என்று போட்டிருப்பார்களே, அதே மில்லி ஆம்பியர் மணிதான். நாங்கள் அதை ஒரு கிராம் பொருளுக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். ஒரு மோல் எலக்ட்ரான் என்பது 26,801 எம்ஏஎச். அதைப் பொருளின் மூலக்கூறு எடையால் வகுத்தால், ஒரு மூலக்கூறு ஒரு லித்தியத்தை முழுதாகக் கொடுத்து வாங்கினால் கிடைக்கும் கொள்திறன் வந்துவிடும். லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் எடை 97.87, அதனால் 274. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் எடை 157.76, அதனால் 170. அனோடில் இருக்கும் கிராஃபைட்டில் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம், அதனால் 372. கால்குலேட்டரை எடுத்து ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். பாஸ்பேட் என்ற கனமான கூட்டம் எவ்வளவு எடையைச் சாப்பிடுகிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

எல்லோரும் கேத்தோடையே பிடித்துக்கொண்டிருப்பது ஏன்? அனோடைச் சிலிக்கானாக மாற்றினால் பத்து மடங்கு கிடைக்கும் என்கிறார்களே?

ஒரு எம்ஏஎச் சேமிக்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்ப்போம். இன்றைக்கு நல்ல கேத்தோடு கிராமுக்கு 200. அப்படியானால் 5 மில்லிகிராம் கேத்தோடு வேண்டும். கிராஃபைட் 2.7 மில்லிகிராம். மொத்தம் 7.7. இப்போது அனோடைப் பத்து மடங்கு சிறப்பாக்குங்கள். அனோடு 0.27-க்கு இறங்கும், கேத்தோடு அப்படியே 5 இருக்கும், மொத்தம் 5.27. மாறாக அனோடைத் தொடாமல் கேத்தோடை இரண்டே மடங்கு ஆக்கினால் 2.5-உம் 2.7-உம் சேர்ந்து 5.2. அனோடில் பத்து மடங்கு முன்னேறிக் கிடைக்கும் லாபம் கேத்தோடில் இரண்டு மடங்கிலேயே கிடைத்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரியில் ஓடும் லித்தியம் முழுக்கக் கேத்தோடுக்குள்ளிருந்துதான் வருகிறது. செல்லுக்குள் போகும் பொருள்களில் விலை கூடியதும் அதுதான்.

லித்தியம் கோபால்ட் ஆக்சைடுக்கு 274 என்று கணக்கு வருகிறது. நடைமுறையில் 140 என்று படித்தேன். மீதி எங்கே போனது?

மீதி லித்தியம் பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க நாம்தான் பயப்படுகிறோம்.

கொஞ்சம் வரலாறு சொன்னால் விளங்கும். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் சல்பைடின் அடுக்குகளுக்கு நடுவே லித்தியத்தை நுழைத்து எடுக்கலாம் என்று காட்டினார். வோல்டேஜ் இரண்டரைக்குள் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப், கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜன் இருந்தால் வோல்டேஜ் ஏறும் என்று கணித்து, 1980-இல் கோயிச்சி மிசுஷிமா முதலானவர்களோடு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தார். அது 4 வோல்ட் கொடுத்தது. அகிரா யோஷினோ 1985-இல் அதைக் கார்பன் அனோடோடு சேர்த்தார், 1991-இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் வேதியியல் நோபல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் கிடைத்தது.

இந்தப் பொருளில் ஆக்சிஜன் அடுக்குகளுக்கு நடுவே ஒரு தளத்தில் கோபால்ட், அடுத்த தளத்தில் லித்தியம் என்று மாறி மாறி இருக்கும். லித்தியத்தில் பாதியை எடுக்கும்வரை அடுக்கு நன்றாகத் தாங்கும். அதைத் தாண்டினால் எலக்ட்ரானை விடுவது கோபால்ட் மட்டுமல்ல, அதோடு கலந்திருக்கும் ஆக்சிஜனும் விடத் தொடங்குகிறது. அடுக்குகள் சரியும், ஆக்சிஜன் வெளியேறும், இரண்டு முனைகளுக்கும் நடுவே லித்தியம் அயனியைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட் கெடும். அதனால்தான் 4.2 வோல்ட்டில் நிறுத்தினார்கள், 140-உம் அங்கேதான் வருகிறது. இப்போது அலுமினியம், மெக்னீசியம் போன்றவற்றைச் சிறிதளவு கலந்து, மேலே பூச்சும் கொடுத்து, ஃபோன் பேட்டரிகளை 4.45 வோல்ட் வரை கொண்டுபோகிறார்கள். 140 என்பது 180 அளவுக்கு ஏறியிருக்கிறது. அதே பழைய பொருள்தான்.

நிக்கல் கூடினால் கொள்திறன் கூடும் என்பது ஏன்? 811 என்றால் என்ன?

என்எம்சி என்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த அடுக்கு ஆக்சைடு. 111 என்றால் மூன்றும் சமம், 811 என்றால் பத்தில் எட்டுப் பங்கு நிக்கல். நடுவில் 532, 622 எல்லாம் உண்டு. எலக்ட்ரானைப் பெரும்பாலும் கொடுத்து வாங்குவது நிக்கல். மாங்கனீஸ் நான்கு பிளஸ் நிலையில் அசையாமல் இருந்து கட்டமைப்பைத் தாங்குகிறது. கோபால்ட் அடுக்குகளை ஒழுங்காக வைக்கிறது. அதனால் நிக்கலைக் கூட்டினால் ஒரே வோல்டேஜ் எல்லைக்குள் அதிக லித்தியத்தை எடுக்க முடிகிறது. 111 சுமார் 160 கொடுக்கும், 811 சுமார் 200.

இதற்கு மூன்று விதமாக விலை கொடுக்கிறோம்.

ஒன்று, இடம் மாறுதல். இரண்டு பிளஸ் நிக்கலின் ஆரம் 0.69 ஆங்ஸ்ட்ராம், லித்தியத்தின் ஆரம் 0.76. ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் நிக்கல் லித்தியத்தின் தளத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் அந்த வழியில் லித்தியம் தாராளமாகப் போய்வர முடியாது.

இரண்டு, விரிசல். 4.2 வோல்ட்டை நெருங்கும்போது அடுக்குகளுக்கு இடைப்பட்ட தூரம் திடீரென்று சுருங்குகிறது. ஒவ்வொரு சார்ஜிலும் சுருங்கி, ஒவ்வொரு டிஸ்சார்ஜிலும் விரியும். ஒரு தூள் உருண்டை என்பது நூற்றுக்கணக்கான குட்டிப் படிகங்கள் கடலை உருண்டை மாதிரி ஒட்டியிருக்கும் ஒன்று. ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு திசையில் சுருங்கினால் உருண்டை உள்ளிருந்து பிளக்கிறது. நூறு சுழற்சி (ஒரு சார்ஜும் ஒரு டிஸ்சார்ஜும் சேர்ந்தது ஒரு சுழற்சி) ஓடிய 811 உருண்டையை வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். மையத்திலிருந்து வெளிவட்டம் வரை கறுப்புக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளுக்குள் எலக்ட்ரோலைட் புகுந்து புதிய பரப்பையெல்லாம் அரிக்கிறது.

மூன்று, பாதுகாப்பு. முழுக்கச் சார்ஜ் ஆன நிலையில் நிக்கல் கூடிய பொருள் குறைந்த வெப்பத்திலேயே ஆக்சிஜனை விட்டுவிடும். உள்ளே எரியக்கூடிய எலக்ட்ரோலைட் இருக்கிறது. தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விரிசலைத் தடுக்க வழி உண்டா?

உண்டு, பல. அலுமினியம், சிர்கோனியம், டங்ஸ்டன் போன்றவற்றை ஒரு சதவீதம் அளவில் கலப்பது ஒன்று. சில நானோமீட்டர் தடிமனில் அலுமினா போன்ற பூச்சு கொடுப்பது இன்னொன்று. கொரியாவின் ஹான்யாங் பல்கலைக்கழகத்தில் யாங்குக் சன் குழு, உருண்டையின் நடுவில் நிக்கல் அதிகமாகவும் வெளிப்புறம் போகப்போக மாங்கனீஸ் அதிகமாகவும் இருக்கும்படி செய்து காட்டியது. எலக்ட்ரோலைட்டைத் தொடும் இடத்தில் சாதுவான பொருள், உள்ளே கொள்திறன் உள்ள பொருள்.

எனக்குப் பிடித்தது இதையெல்லாம்விட எளிமையான யோசனை. நூற்றுக்கணக்கான குட்டிப் படிகங்களை உருண்டை பிடிப்பதற்குப் பதில், 2 முதல் 5 மைக்ரான் அளவில் தனித்தனிப் படிகமாகவே வளர்த்துவிடுவது. ஒட்டு இல்லாத இடத்தில் பிளவு எங்கிருந்து வரும்? கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு 2019-இல் வெளியிட்ட நீண்ட சோதனையில் ஒற்றைப் படிக 532 கேத்தோடு கொண்ட செல்கள் ஆயிரக்கணக்கான சுழற்சிகளைத் தாங்கின. ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் கொள்திறனில் சாதனை படைக்க 811-ஐ எடுக்கவில்லை, 532-ஐ எடுத்தார்கள்.

ஸ்கூட்டரை 100 சதவீதம் சார்ஜ் செய்யக் கூடாது என்கிறார்கள். இதற்கும் கேத்தோடுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மேலே சொன்ன திடீர்ச் சுருக்கம் நடப்பது சார்ஜின் கடைசிப் பகுதியில்தான். என்எம்சி பேட்டரி என்றால் தினசரி ஓட்டத்துக்கு 80, 90-இல் நிறுத்துவது கேத்தோடுக்கு நல்லது. இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அதன் வோல்டேஜ் கோடு தட்டையாக இருப்பதால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கணிக்க, வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அவ்வப்போது முழுச் சார்ஜ் தேவைப்படும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

811 தூளை ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறீர்கள்?

முதலில் ப்ரிகர்சர், அதாவது லித்தியம் சேர்ப்பதற்கு முந்தைய உலோக ஹைட்ராக்சைடுத் தூள். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சல்பேட்டுகளை 8:1:1 விகிதத்தில் தண்ணீரில் கரைத்தால் அழகான பச்சை நிறக் கரைசல் வரும். அதையும், சோடியம் ஹைட்ராக்சைடு, அம்மோனியா கரைசல்களையும் தனித்தனிப் பம்பில் சொட்டுச் சொட்டாக உலைக்கலனுக்குள் விடுவோம். கலன் 50, 60 டிகிரியில் இருக்கும், பிஎச் 11-ஐ ஒட்டி இருக்கும், நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மோனியா உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால்தான் ஹைட்ராக்சைடு ஒரே அடியாகக் கொட்டாமல் உருண்டையாக வளர்கிறது. பிஎச் கொஞ்சம் ஆடினாலும் உருண்டைக்குப் பதில் பொடிப் பொடியாக வரும். நைட்ரஜன் நின்றுபோனால் பச்சை பழுப்பாக மாறும், மாங்கனீஸ் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது என்று அர்த்தம். இரவு முழுக்க யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்து, கழுவிக் காயவைத்த ப்ரிகர்சரோடு லித்தியம் ஹைட்ராக்சைடைக் கலந்து சுடுவது. உலையில் லித்தியம் கொஞ்சம் ஆவியாகிப் போகும், அதனால் 3 முதல் 5 சதவீதம் கூடுதலாகப் போடுவோம். முதலில் 500 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம், பிறகு 750-க்கும் 800-க்கும் நடுவில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆக்சிஜன் ஓட்டத்திலேயே சுட வேண்டும். இரண்டு பிளஸ் நிக்கல் லேசில் மூன்று பிளஸ் ஆகாது, காற்றில் சுட்டால் அரைகுறையாக நின்றுவிடும்.

லித்தியம் கார்பனேட் மலிவாயிற்றே, அதைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். 111-க்குப் போடலாம், அது காற்றிலேயே 900 டிகிரிக்கு மேல் சுடப்படுகிறது. கார்பனேட் உருகுவது 723 டிகிரியில். 811-இன் சூடு அதற்குச் சற்று மேலேதான், ஹைட்ராக்சைடோ 462 டிகிரியிலேயே உருகி எல்லா இடத்திலும் பரவிவிடும்.

தூள் சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் பார்ப்போம். 18.7 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிகரம், 44.4-க்குப் பக்கத்தில் ஒரு சிகரம். முதலாவதன் உயரம் இரண்டாவதைப்போல் 1.2 மடங்குக்கு மேல் இருந்தால் நிக்கல் பெருமளவு தன் இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குக் கீழே இருந்தால் அந்தத் தூளில் செல் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தாளில் பூசுவதற்காகக் கரைத்த கேத்தோடுக் கலவை (ஸ்லர்ரி) கெட்டியாகிவிடுகிறது. நான் என்ன தவறு செய்தேன்?

அநேகமாக எந்தத் தவறும் இல்லை, தூளுக்குக் காற்று பட்டிருக்கிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழை, நாள் முழுக்கத் தூறல். ஏசி ஓடியும் அறையில் ஈரப்பதம் இறங்கவே இல்லை. காலையில் 811 தூள், கார்பன் பிளாக், தூளை ஒட்டவைக்கும் பிவிடிஎஃப் பாலிமர் (பைண்டர்) மூன்றையும் என்எம்பி கரைப்பானில் கலக்க வைத்தோம். முதல் ஒரு மணி நேரம் இட்லி மாவுப் பதத்தில் பளபளவென்று இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் காந்தக் கலக்கி நின்றுபோயிருந்தது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தோம், ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே அல்வா மாதிரி ஒரே கட்டி, விரலால் அழுத்தினால் குழிந்து மறுபடி எழும்பியது. மூன்று நாள் உழைத்துச் செய்த தூள் அது.

காரணத்தைத் தேடினோம். அந்தத் தூள் பாட்டிலை முந்தைய வாரம் நாலைந்து தடவை வெளியில் திறந்து எடைபோட்டிருக்கிறோம். நிக்கல் கூடிய பொருளின் மேற்பரப்பில் இருக்கும் லித்தியம், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து லித்தியம் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறிவிடும். அந்தக் காரம் பிவிடிஎஃப்பிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடைப் பிய்த்தெடுக்க, பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அல்வா அப்படித்தான் உருவாகிறது.

அன்றிலிருந்து தூள் சூடாக இருக்கும்போதே உலையிலிருந்து நேராக ஆர்கான் வாயு நிரப்பிய, காற்றுப் புகாத குளோவ் பாக்ஸுக்குள் கொண்டுபோகிறோம். பெரிய பாட்டிலில் வைப்பதில்லை, ஒரு வேளைக்கு ஒரு குட்டிப் பாட்டில். கொஞ்சம் தூளைத் தண்ணீரில் கலக்கி வடிகட்டி பிஎச் பார்க்கிறோம். 12-ஐத் தாண்டினால் அன்றைக்குக் கோட்டிங் கிடையாது. தொழிற்சாலைகள் இந்த வேலைக்காகவே உலர் அறைகளைக் கட்டிப் பெரும் மின்சாரம் செலவழிக்கின்றன.

என் காயின் செல்லில் 215 வந்தது. கொண்டாடலாமா?

எடையை இன்னொரு தடவை பாருங்கள்.

சோதனைக்குப் பயன்படும் நாணய வடிவ 2032 காயின் செல் என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதற்குள் போகும் கேத்தோடு வட்டு 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1.54 சதுர சென்டிமீட்டர். தராசில் 10.1 மில்லிகிராம் காட்டுகிறது. இதில் 15 மைக்ரான் அலுமினியத் தாள் மட்டும் 6.2 மில்லிகிராம். மீதி 3.9, அதில் 90 சதவீதம் உங்கள் பொருள், ஆக 3.5 மில்லிகிராம். செல் 0.7 எம்ஏஎச் கொடுத்தால் கிராமுக்கு 200.

இப்போது தாள் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை, இந்த வட்டில் 6.0 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் 3.69 ஆகிவிடும். அதே 0.7 எம்ஏஎச், ஆனால் கிராமுக்கு 190. 0.2 மில்லிகிராமில் பத்து எம்ஏஎச் போய்விட்டது. "டோப்பிங் (வேறு தனிமம் சிறிதளவு கலத்தல்) செய்ததால் கொள்திறன் 8 கூடியது" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது இந்த வட்டுதான். தாளின் பல இடங்களில் பத்து வெற்று வட்டு வெட்டி எடைபோட்டுச் சராசரி எடுங்கள். ஐந்து தசம இலக்கம் காட்டும் தராசில் மட்டும் எடைபோடுங்கள். ஒரே தாளிலிருந்து குறைந்தது மூன்று செல் செய்யுங்கள். மூன்றும் ஒத்துவந்தால் கொண்டாடலாம், நானே இனிப்பு வாங்கித் தருகிறேன்.

300 எம்ஏஎச் கேத்தோடு கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வருகிறது. நம்பலாமா?

எண் உண்மையாக இருக்கலாம். பேட்டரிக்கு அது ஆகுமா என்பது வேறு கேள்வி. நான் நான்கு விவரங்களைத் தேடுவேன்.

எந்த வோல்டேஜில்? 4.8-இலிருந்து 1.5 வோல்ட் வரை இழுத்து 300 எடுத்தால், கீழ்ப்பகுதியில் வந்த கொள்திறன் பெரிதாக உதவாது. கிராமுக்கு 160 கொடுக்கும் இரும்பு பாஸ்பேட் 3.4 வோல்ட்டில் கிலோவுக்கு 544 வாட் மணி கொடுக்கிறது. 140 கொடுக்கும் கோபால்ட் ஆக்சைடு 3.9 வோல்ட்டில் 546. ஆற்றலில் இரண்டும் சமமாகிவிட்டன, பாருங்கள். இருந்தும் ஃபோனில் கோபால்ட்தான் இருக்கிறது. ஏனென்றால் கோபால்ட் ஆக்சைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5 கிராம், பாஸ்பேட் 3.6. ஃபோனுக்கு எடையைவிட இடம்தான் பிரச்சினை.

எவ்வளவு பூசினார்கள்? ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசினால் எந்தப் பொருளும் நன்றாக ஓடும். விற்பனைக்கு வரும் செல்லில் இருபதை ஒட்டி இருக்கும்.

எதிர்ப்பக்கம் என்ன? லித்தியம் உலோகத் தகட்டை வைத்தால் லித்தியம் அளவில்லாமல் இருக்கும், கேத்தோடு இழப்பதெல்லாம் மறைந்துவிடும். கிராஃபைட்டோடு முழுச் செல்லாகச் செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எத்தனை சுழற்சி, எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில்? 25 டிகிரியில் ஐம்பது சுழற்சி என்பது எனக்குப் போதாது. நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு 45 டிகிரியில் ஐந்நூறு சுழற்சியைக் காட்டுங்கள்.

இந்த நான்கும் இல்லாமல் கொள்திறனை மட்டும் தலைப்பில் போடும் பழக்கம் எங்கள் துறைக்குச் செய்த கெடுதல் கொஞ்சம் இல்லை. ஒரு நல்ல மாணவர் அந்த எண்ணைத் துரத்தி இரண்டு வருடத்தைத் தொலைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

லித்தியம் மிகுந்த கேத்தோடு என்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறையில் இன்றைக்கு எனக்கு அதிக ஆர்வம் தரும் பொருள் இதுதான். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் மைக்கேல் தாக்கரே குழு இதில் நீண்ட காலம் வேலை செய்தது. உலோகத் தளத்திலேயே கொஞ்சம் லித்தியத்தை உட்கார வைக்கிறோம். உலோகத்தில் பெரும்பங்கு மலிவான மாங்கனீஸ். கிராமுக்கு 250-க்கு மேல் கிடைக்கிறது.

ஆச்சரியம் கணக்கில் இருக்கிறது. இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்ட பொருளில் லித்தியம் 1.2, மாங்கனீஸ் 0.54, நிக்கலும் கோபால்ட்டும் தலா 0.13. நிக்கலும் கோபால்ட்டும் கொடுக்கக்கூடிய எலக்ட்ரானை எண்ணினால் சுமார் 122 எம்ஏஎச் தான் வருகிறது, மாங்கனீஸ் ஏற்கெனவே நான்கு பிளஸில் இருக்கிறது. மீதி யார் கொடுத்தது? ஆக்சிஜன். ஆக்சிஜன் பொருளை விட்டுப் போகாமலேயே எலக்ட்ரானைக் கொடுத்து வாங்க முடியும் என்பதை 2013-இல் மாரியப்பன் சத்தியா, ஷான்-மாரி தாராஸ்கோன் முதலானவர்கள் ருத்தேனியம் சேர்ந்த ஒரு மாதிரிப் பொருளில் காட்டினார்கள். பின்னர் 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் புரூஸ் குழு, சார்ஜ் ஆன நிலையில் பொருளின் உள்ளே ஆக்சிஜன் மூலக்கூறுகளாகவே சிறைப்பட்டிருப்பதைக் கண்டது.

பிரச்சினையும் அங்கேயே இருக்கிறது. முதல் சார்ஜில் 4.5 வோல்ட்டை ஒட்டி வோல்டேஜ் வரைபடத்தில் ஒரு நீண்ட தட்டையான கோடு வரும். அப்போது கட்டமைப்பு மாறிவிடும், பழைய வடிவத்துக்குத் திரும்பாது. முதல் சார்ஜில் போட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அங்கேயே போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு சுழற்சியிலும் உலோக அயனிகள் லித்தியத் தளத்துக்கு நகர, சராசரி வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கொள்திறன் அப்படியே இருப்பதுபோல் தெரியும், ஆற்றல் கரைந்துகொண்டிருக்கும். கட்டுரையில் கொள்திறன் வரைபடம் மட்டும் இருந்தால், வோல்டேஜ் வரைபடத்தைத் தேடுங்கள்.

சாதாரண உப்பின் படிக அமைப்பில் (உப்புக்கல் அமைப்பு), அடுக்கே இல்லாமல் செய்யும் கேத்தோடு எப்படி?

2014-இல் கெர்பிராண்ட் சீடர் குழு, லித்தியமும் உலோகமும் ஒழுங்கில்லாமல் கலந்திருந்தாலும், லித்தியம் போதுமான அளவு கூடுதலாக இருந்தால் அதற்கு வழி கிடைத்துவிடும் என்று காட்டியது. 300-ஐத் தொட்ட பொருள்கள் இதில் உண்டு, மாங்கனீஸை வைத்தே செய்யலாம். மின்கடத்தல் குறைவு என்பதால் நிறையக் கார்பன் சேர்த்து அரைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கார்பனையும் எடையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரும்பு பாஸ்பேட்டின் கொள்திறன் 170 தான். பிறகு ஏன் அதன் பக்கமே போகிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு, ஏனென்றால் கதையின் தொடக்கத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃபிடம் சேர்ந்து, பின்னர் அவரோடு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1987, 1989 ஆண்டுகளில் இருவரும் இரும்பு மாலிப்டேட், டங்ஸ்டேட், சல்பேட் ஆகியவற்றில் லித்தியத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மாலிப்டேட் 3.0 வோல்ட், சல்பேட் 3.6 வோல்ட். இரண்டிலும் அதே இரும்புதான், படிக அமைப்பும் ஒத்த மாதிரிதான். கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் வலுவாக இழுத்துக்கொள்வதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்து, வோல்டேஜ் ஏறுகிறது. மலிவான இரும்பிலிருந்தும் பயன்படும் வோல்டேஜை எடுக்கலாம் என்று இதிலிருந்துதான் தெரிந்தது. 1997-இல் பாடி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் இதன் தொடர்ச்சி. 2019-இல் 97 வயதான குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருப்பதால் இந்தப் பொருள் சூடானாலும் ஆக்சிஜனை எளிதில் விடாது. ஆயிரக்கணக்கான சுழற்சி ஓடும். நிக்கலும் வேண்டாம், கோபால்ட்டும் வேண்டாம். ஸ்கூட்டர், ஆட்டோ, பேருந்து, சூரிய மின்சாரச் சேமிப்பு எல்லாவற்றுக்கும் இது போதும் என்பது என் கருத்து. இரும்பில் ஒரு பகுதியை மாங்கனீஸாக மாற்றினால் அந்தப் பகுதி 4.1 வோல்ட்டில் வேலை செய்யும். கொள்திறன் ஏறாமலேயே ஆற்றல் ஏறுகிறது.

இந்தியாவில் மூலப்பொருள் இருக்கிறதா?

கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது, நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து. ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருக்கலாம் என்று 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அது முதற்கட்ட மதிப்பீடு, சுரங்கமாக மாறுவது வேறு விஷயம். இரும்பும் மாங்கனீஸும் நம்மிடம் உண்டு. ஆகவே இங்கே ஆராய்ச்சி செய்பவர் மாங்கனீஸ் மிகுந்த பொருளையோ பாஸ்பேட்டையோ எடுப்பதில் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை எங்கே கற்கலாம்?

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்தது. 1953-இல் திறக்கப்பட்டது. வேதி, மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பும் அங்கே உண்டு. எங்கே சேர்ந்தாலும், ஒரு குளோவ் பாக்ஸும், செல்லைத் திரும்பத் திரும்பச் சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்து பார்க்கும் ஒரு சைக்கிளிங் கருவியும் உங்கள் கைக்கு எட்டுமா என்று முதலில் விசாரியுங்கள். வரிசையில் நின்றே ஒரு வருடம் போய்விடக் கூடாது.

வீட்டில் பழைய ஃபோன் பேட்டரி இருக்கிறது. பிரித்துக் கேத்தோடை எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். ஃபோன் அணைந்துவிட்டாலும் உள்ளே சார்ஜ் மீதம் இருக்கும், கத்தி பட்டால் இரண்டு முனையும் தொட்டுத் தீப்பிடிக்கும். எலக்ட்ரோலைட்டில் இருக்கும் லித்தியம் உப்பு ஈரக் காற்று பட்டதும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடைக் கொடுக்கும், அது நுரையீரலுக்கும் எலும்புக்கும் ஆகாது. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அதைத் தயாரித்து விற்பவருடையது. சேவை மையத்திலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், ஊசியால் குத்தாமல், எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒரு மண் தொட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.